வெட்டிய மரத்தினுள் வளியின் போக்குவரவு

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் விறகு இருவகை அடுப்புகளை நாடிச் செல்கின்றது. ஒன்று தொழிற்சாலையின் உலை. மற்றது லயக்காம்பராவின் அடுப்பு. உலையில் எரியும் விறகு காற்றைச் சூடாக்க, அக்காற்று அரைபட்டு நொதித்த கொழுந்தை உலர்த்தித் தேயிலையாக்குகின்றது. காம்பராவின் அடுப்பில் எரியும் விறகோ, விடியுமுன் எழுந்து மலைக்குச் செல்லும் குடும்பத்திற்கு ரொட்டியும் தேநீரும் தருகின்றது. இவ்விருவகை அடுப்புக்கும் பொதுவான பகை ஈரவிறகு. பச்சை விறகு ஏன் எரிய மறுக்கின்றது? வெட்டிப் பல மாதங் கழிந்த பின்னும் கட்டையின் நடுப்பகுதி ஏன் ஈரமாகவே இருக்கின்றது? எரியும்போது அதன் இரு முனைகளிலும் ஏன் நுரை தள்ளுகின்றது? இவ்வினாக்கள் யாவற்றுக்கும் விடை ஓரிடத்திலேதான் உண்டு. மரத்தினுள் வளிகள் எவ்வழியாற் செல்கின்றன, எதனால் தடைப்படுகின்றன என்பதே அது. அதனை ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரம் திண்பொருளன்று

ஒரு மரக்கட்டையைத் தூக்கிப் பார்ப்பவர் அதனைக் கல்லைப் போன்ற திண்பொருளாகவே கருதுவர். உண்மை வேறு. மரத்தின் கலச்சுவர்ப் பொருளை மாத்திரம் தனியே எடுத்தால் அதன் அடர்த்தி நீரினது போல ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். அவ்வாறாயின் எல்லா மரமும் நீரில் அமிழ வேண்டுமே? அமிழாமைக்குக் காரணம் உள்ளேயிருக்கும் வெற்றிடங்களே.

கணக்காகவே பார்ப்போம். நம் மலைகளில் விறகுக்கென வளர்க்கப்படும் யூக்கலிப்டஸ் மரத்தை, தோட்டத்து மக்கள் டர்பன்டைன் என்பர். அவ்வகை மரத்திற் பச்சையாக ஒரு கனமீற்றர் எடுத்தால், அதில் உலர்ந்த மரப்பொருள் 500 கிலோகிராம் இருப்பதாகக் கொள்வோம். அப்பொருள் அடைக்கும் இடம் ஏறத்தாழ 333 லீற்றர். அதாவது மூன்றிலொரு பங்கு. மரப்பொருளுக்குச் சமமான நிறையுடைய நீர் அதில் இருப்பின், அது 500 லீற்றரை நிரப்பும். எஞ்சிய 167 லீற்றர், அதாவது ஆறிலொரு பங்கு, வளியின் இருப்பிடம். ஆகவே பச்சை மரம் என்பது திண்மம், திரவம், வளி என்னும் மூன்றும் ஒருங்கே உறையும் வீடு. விறகை நிறுத்து வாங்குபவர் கொடுக்கும் பணத்திற் பாதி நீருக்கே செல்கின்றது என்பதும் இக்கணக்கினாற் போதரும்.

இவ்வீட்டின் அறைகள் தாறுமாறாக அமைந்தவையல்ல. யூக்கலிப்டஸ், கிரவிலியா முதலிய அகன்ற இலை மரங்களிற் காழ்க்கலன்கள் எனப்படும் நுண்குழாய்கள் வேரிலிருந்து உச்சியை நோக்கி நெடுகச் செல்கின்றன. ஒவ்வொரு கலனும் முனையொடு முனை பொருந்திய பல கலங்களாலானது. ஒரு கலன் முடிவடையுமிடத்தில், அடுத்த கலனுடன் அதனைத் தொடுப்பவை குழிகள் எனப்படும் மெல்லிய இடங்களாகும். குழியின் குறுக்கே சல்லடை போன்றதொரு மென்சவ்வு உண்டு. கலன்களைச் சூழ்ந்து ஒடுங்கிய நார்கள் நெருங்கி நிற்கின்றன. மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலச் செல்பவை கதிர்கள். புறத்தே பட்டை, அதிற் பட்டைவாய்கள் என்னும் சிறு துவாரங்கள் வளியை ஓரளவு உள்ளும் புறமும் விடுகின்றன.

17ஆம் நூற்றாண்டில் நுணுக்குக்காட்டியினால் மரத்தை ஆராய்ந்த இத்தாலியராகிய மல்பீகி, இக்குழாய்கள் பூச்சிகளின் மூச்சுக்குழாய்களை ஒத்திருத்தலைக் கண்டு, அவற்றுக்கு மூச்சுக்குழாய் என்னும் பெயரையே இட்டார். 1727இல் ஆங்கிலேயராகிய ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு கோலின் கீழ்நுனியை நீரில் அமிழ்த்தி, அதனைச் சூழ்ந்த காற்றைப் பம்பியினால் அகற்றியபோது, கோலின் வழியே காற்று இழுபட்டு நீரினுட் குமிழிகளாய் வெளிப்படக் கண்டார். இக்குழாய்கள் நீரைக் கொண்டு செல்லும் வழிகளே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் முன்னையோர் கண்டதும் முற்றும் பிழையன்று. உயிருள்ள மரத்தில் அவை நீர்வழி. உலர்ந்த மரத்தில் அவையே வளிவழி. புதிதாக வெட்டிய மரம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் உள்ளது. அதன் இயல்புகள் அனைத்தும் இவ்விடைநிலையினாலேயே விளைகின்றன.

கோடரி பட்ட கணத்தில்

நிற்கும் மரத்தின் கலன்களிலுள்ள நீர் குழாய்க்கிணற்று நீர்போலக் கீழிருந்து தள்ளப்படுவதன்று. இலைகள் ஆவியாக்கும் நீருக்கு ஈடாக மேலிருந்து இழுக்கப்படுவது. நீரின் நுண்துணிக்கைகள் ஒன்றையொன்று விடாது பற்றி நிற்றலால் இவ்விழுவை வேர் வரை எட்டுகின்றது என்னுங் கொள்கையை டிக்சனும் ஜோலியும் 1894இல் வெளியிட்டனர். எனவே பகலில் மரத்தின் நீர் இழுத்துக் கட்டிய நாண்போல விறைப்பாக நிற்கின்றது. கோடரி பட்டதும் அந்நாண் அறுபடுகின்றது. வெட்டுண்ட கலன்களில் நீர் பின்வாங்க, அவ்விடத்திற் புறக்காற்று விரைந்து புகுகின்றது.

அக்காற்று எவ்வளவு தூரஞ் செல்லும்? வெட்டுண்ட கலன் முடியும் இடம் வரையே செல்லும். அப்பால் உள்ள குழிச்சவ்வின் துளைகள் மிக நுண்ணியவை. அவற்றில் நீர் நிறைந்துள்ளது. ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்திலொரு பங்கு விட்டமுள்ள நனைந்த துளையினூடே காற்றைச் செலுத்த வேண்டுமாயின், நீரின் மேற்பரப்பிழுவையை வெல்வதற்கு ஏறத்தாழ 29 வளிமண்டல அமுக்கம் வேண்டும். உயிருள்ள மரத்துக்கு இஃது ஒரு காவல். ஒரு கிளை முறிந்தாலும், காற்று மரமெங்கும் பரவி நீரோட்டத்தை நிறுத்திவிடாதபடி ஒவ்வொரு வாயிலும் அடைபடுகின்றது. வெட்டிய மரத்தை உலர்த்த விரும்பும் நமக்கோ அக்காவலே தடையாகின்றது.

இதனை வகுப்பறையிலேயே காட்டலாம். ஒரு சாண் நீளமுள்ள உலர்ந்த பிரம்பின் ஒரு நுனியை நீரில் வைத்து மறுநுனியில் ஊதினால், குமிழிகள் தடையின்றி எழும். பிரம்பின் பக்கங்களிலிருந்து ஒரு குமிழியும் எழாது. அப்போதே கவ்வாத்து வெட்டிய பச்சைத் தேயிலை மிலாறு ஒன்றை முழ நீளத்துக்கு எடுத்து ஊதினாலோ, பெரும்பாலும் கன்னம் வலிக்குமேயன்றிக் குமிழி தோன்றாது. வளியின் வழி நெடுக்கானது என்பதைப் பிரம்பும், நீர் அவ்வழியை அடைக்கின்றது என்பதை மிலாறும் மாணவர்க்கு உணர்த்தும்.

செல்லும் முறைகள்

மரத்தினுள் வளி இரு முறைகளாற் செல்லும். அமுக்க வேறுபாட்டினால் மொத்தமாகப் பாய்தல் ஒன்று. மணலினூடே நீர் பாயும் அளவைப் பற்றி 1856இல் டார்சி கண்ட விதி, வளி சுருங்கி விரியும் இயல்புக்கேற்ற திருத்தத்துடன், மரத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும். மற்றது பரவல், அமுக்கம் ஒன்றாயிருப்பினும் ஒரு வளி செறிவு மிக்க இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்திற்குத் தானே செல்லுதல். இதன் விதியை 1855இல் ஃபிக் வகுத்தார்.

பாய்தலிற் கவனிக்க வேண்டியது திசை. உலர்ந்த மரத்தில் நெடுக்கே வளி பாயும் எளிமைக்கும் குறுக்கே பாயும் எளிமைக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மூன்று மடங்கன்று, பல்லாயிரம் மடங்காகும். நெடுக்கே செல்லும் வளிக்கு ஒரு சில வாயில்களே குறுக்கிடும். குறுக்கே செல்வதற்கோ மயிரிழையின் தடிப்புக்குள்ளேயே சுவர்கள் பல. பரவலிற் கவனிக்க வேண்டியது ஊடகம். ஒட்சிசன் காற்றிற் பரவும் விரைவில் ஏறத்தாழப் பத்தாயிரத்திலொரு பங்கு விரைவிலேயே நீரிற் பரவும். ஒரு கலனில் நீர் நிறைந்திருப்பின், வளியைப் பொறுத்தவரை அது மூடிய கதவேயாம்.

இனி, எல்லா மரப்பகுதியும் ஒரு தன்மையதன்று. பட்டையை அடுத்துள்ள மென்வைரத்தின் கலன்கள் திறந்துள்ளன. நடுவிலுள்ள வன்வைரத்திலோ, அயலிலுள்ள உயிர்க்கலங்கள் குழிகளினூடே பலூன்கள்போல வீங்கிக் கலன்களுட் புகுந்து அவற்றை அடைத்துவிடுகின்றன. தைலோசு எனப்படும் இவ்வடைப்புகள் யூக்கலிப்டஸ் இனங்கள் பலவற்றின் வன்வைரத்தில் மிகுதி. ஆகவேதான் டர்பன்டைன் கட்டையின் புறம் உலர்ந்து வெடித்த பின்னும் அகம் ஈரமாகவே கிடக்கின்றது.

வெட்டிய மரமும் சுவாசிக்கும்

மரம் வீழ்ந்த கணத்திலேயே அதன் கலங்கள் அனைத்தும் இறந்துவிடுவதில்லை. மென்வைரத்திலும் உட்பட்டையிலுமுள்ள உயிர்க்கலங்கள், சேமித்த மாப்பொருளையும் வெல்லத்தையும் கொண்டு பல நாட்களுக்கு, ஈரமும் குளிரும் இருப்பின் வாரக்கணக்கிலும், சுவாசித்துக்கொண்டேயிருக்கின்றன. ஒட்சிசனை உட்கொண்டு காபனீரொட்சைட்டை வெளிவிடும் இச்சுவாசத்தின் விளைவு, வெளியேறும் வழி குறுகியதாதலால், மரத்தினுள்ளேயே தேங்குகின்றது. புறக்காற்றிற் காபனீரொட்சைட்டு நூற்றுக்கு 0.04 பங்கே. நிற்கும் மரங்களின் தண்டினுள்ளோ நூற்றுக்கு 3 முதல் 10 பங்கு வரை காணப்படுதல் பொது; 20 பங்குக்கு மேலும் அளக்கப்பட்டுள்ளது.

ஒட்சிசன் அருகியபோது கலங்கள் காற்றின்றி நொதிக்கத் தலைப்படுகின்றன. அதனால் எதனோல் என்னும் மதுசாரம் பிறக்கின்றது. அதன் மணமே சிலவகைத் துளைவண்டுகளுக்கு அழைப்பு. புதுக் கட்டையில் ஊசிமுனை போன்ற துளைகளையும் அவற்றைச் சூழ்ந்த கறையையும் நாம் காண்பது இதனாலேயே. அவ்வண்டுகள் மரத்தை உண்பதில்லை. துளைகளிற் பூஞ்சணத்தைப் பயிரிட்டு அதனையே உண்கின்றன. நம் தேயிலைச் செடியின் கிளைகளைத் துளைத்து நெடுங்காலமாக நட்டம் விளைத்து வரும் வண்டும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே.

இச்சுவாசத்தினால் மனிதருக்கும் ஆபத்து உண்டு. மூடிய கப்பலறைகளில் ஏற்றிய புதுமரம் அங்குள்ள ஒட்சிசனை உண்டுவிட, பின்னர் இறங்கிய தொழிலாளர் மூச்சுத்திணறி மாண்ட நிகழ்ச்சிகள் உலகின் பல துறைமுகங்களில் நேர்ந்துள்ளன. திறந்த வெளியில் அடுக்கிய விறகுக்கு இவ்வச்சமில்லை. ஆயினும் காற்றோட்டமில்லாத அறையொன்றைப் பச்சை விறகால் நிரப்பி, அதனுட் படுத்துறங்குதல் தகாது.

உலரும் கணக்கு

கொழுந்து வாட்டுதலை அறிந்த மலைநாட்டாருக்கு மரம் உலர்தலை விளக்குதல் எளிது. கொழுந்தைத் தடிப்பாகக் குவித்தால் வாடாது. பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதினால் வாடும். மரத்துக்கும் அதுவே விதி. முதலிற் கலன்களிலுள்ள கட்டற்ற நீர் வெளியேற, அவ்விடத்தைக் காற்று நிரப்புகின்றது. மரப்பொருளின் நிறையில் நூற்றுக்கு 30 பங்களவுக்கு நீர் குறைந்த பின்னர், கலச்சுவரிற் பிணைந்துள்ள நீர் மெல்லப் பரவி வெளியேறத் தொடங்கும். அப்போதே மரம் சுருங்கும். கட்டையின் முனைகள் முதலில் வெடிப்பதன் காரணம், திறந்த குழாய்வாய்கள் அங்கிருத்தலும் நீர் அவ்வழியே முந்தி வெளியேறுதலுமாம்.

பரவலின் விதியில் நமக்குப் பயன்படும் பேருண்மை ஒன்றுண்டு. தூரம் இருமடங்கானாற் காலம் நான்கு மடங்காகும். எனவே கட்டையின் தடிப்பைப் பிளந்து பாதியாக்கினால், உலரும் காலம் ஏறத்தாழ நாலிலொன்றாகக் குறையும். விரல் தடிப்புள்ள மிலாறு சில வாரங்களில் எரியத் தக்கதாதலும், ஒரு முழத் தடிப்புள்ள கட்டை ஆண்டு கழிந்தும் நீர் கசிதலும் இவ்விதியினாலேயே. பிளத்தல் மற்றொரு நன்மையையும் செய்கின்றது. வளிபுகாத பட்டையை விலக்கி, அடைபட்ட வன்வைரத்தைக் காற்றுக்கு நேரே காட்டுகின்றது. நீளத்தைக் குறுக்கினாலோ, குழாய்வாய்கள் மிகுதியாகின்றன.

ஆயினும் காற்றின் ஈரத்துக்கேற்ற எல்லைக்குக் கீழே மரம் உலராது. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 85 ஆயின், விறகு எத்தனை நாள் கிடந்தாலும் அதன் ஈரம் நூற்றுக்கு 18 அளவிலேயே நின்றுவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கினிகத்தேனை, வட்டவளை, அட்டன் பகுதிகளிற் பெய்யும் மழையையும் மூடுபனியையும் அறிந்தோர், அக்காலத்து விறகு உலராமைக்கு வியப்படையார். வருடத் தொடக்கத்தில் வரும் வறண்ட மாதங்களே இச்சரிவுகளுக்கு ஏற்ற காலம். அதற்கு முன்னரே வெட்டிக் குறுக்கிப் பிளந்து வைத்தல் வேண்டும். நிலத்திற் படாதபடி உயர்த்தி, காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்கி, மேலே மாத்திரம் மூடுதல் முறை. நாற்புறமும் தகரத்தால் அல்லது பொலித்தீனால் இறுக மூடுவோர், உள்ளிருந்து வெளியேறும் ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கின்றனர்.

தீயினுள் நிகழ்வது

பச்சைக் கட்டையை நெருப்பில் வைத்தால் அதன் நீர் கொதித்து ஆவியாகின்றது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், வளியமுக்கம் குறைவாதலால், நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். ஆவி பக்கங்களாற் செல்ல வழியின்றிக் குழாய்களின் நெடுகே ஓடி இரு முனைகளிலும் சீறி வெளிப்படுகின்றது. வழியிலுள்ள சாற்றையும் தள்ளி நுரைக்கின்றது. வளியின் வழி நெடுக்கானது என்பதற்கு நாள்தோறும் நம் கண்முன் நிகழும் சான்று இந்நுரையே.

ஒரு கிலோகிராம் நீரை இருபது பாகையிலிருந்து கொதிக்கவைத்து ஆவியாக்க ஏறத்தாழ 620 கிலோகலோரி வேண்டும். ஒரு கிலோகிராம் உலர்ந்த விறகு தருவது ஏறத்தாழ 4,300 கிலோகலோரி. ஆகவே சம நிறை நீர் கொண்ட பச்சை விறகில் வெப்பத்தின் ஏழிலொரு பங்கு நீருக்கே செலவாகின்றது. இது சிறு நட்டமெனத் தோன்றலாம். பெருநட்டம் வேறிடத்தில் உள்ளது. விறகின் சுவாலை என்பது மரத்தினின்று வெளிப்படும் வளிகள் எரிதலேயாகும். சூடேறிய மரம் சிதைந்து காபனோரொட்சைட்டு, ஐதரசன், மெதேன், தாரின் ஆவி முதலியவற்றை வெளிவிடுகின்றது. இவை போதிய வெப்பமும் காற்றும் பெற்றால் எரிந்து வெப்பந் தரும். நீராவியினாற் குளிர்ந்துவிட்டால், எரியாமலே புகையாகவும் நஞ்சாகவும் அறையிற் பரவும். ஈரவிறகின் புகை எரியாமல் வீணான விறகேயன்றி வேறன்று.

தொழிற்சாலையில் இந்நட்டம் கணக்கேட்டிற் பதிவாகும். லயத்தில் அது பதிவாவது மூச்சுப்பையில். காற்றோட்டம் குன்றிய ஒரு காம்பராவின் மூலையிலோ இஸ்தோப்பின் ஓரத்திலோ புகைபோக்கியின்றி எரியும் அடுப்பின்முன் நாள்தோறும் அமர்வோர் பெண்கள். அவர்தம் மடியிலும் அருகிலும் இருப்போர் குழந்தைகள். வீட்டினுட் புகையினால் 2020ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. காபனோரொட்சைட்டோ நிறமும் மணமும் அற்றது. குளிருக்கஞ்சிக் கதவடைத்து, கணப்புச் சட்டியை அறையுள் வைத்துறங்குவோர் விழித்தெழாது போவது அதனாலேயே.

விறகுக்கு ஒரு கூரை

இதுகாறும் கூறியவற்றின் சாரம் இதுவே. வளியின் வழி மரத்தில் நெடுக்கே அமைந்துள்ளது. நீர் அவ்வழியை அடைத்துள்ளது. அடைப்பு நீங்கக் காலமும் காற்றும் வேண்டும். குறுக்குதலும் பிளத்தலும் அக்காலத்தைச் சுருக்கும். இவற்றை அறிந்த முகாமையாளர், மரத்தை வெட்டிய வாரத்திலேயே உலைக்கு அனுப்பார். ஒரே அளவு தேயிலைக்குக் குறைந்த மரங்களே போதுமாதலால் மலையிலும் மரம் மிஞ்சும்.

தோட்டத்துக் குடும்பங்கள் இவ்வறிவு அற்றவையல்ல. மிலாறு முந்தி உலரும் என்பதையும், பிளந்த விறகே நல்விறகு என்பதையும் கொழுந்தெடுத்து மீளும் வழியில் விறகுக்கட்டைச் சுமந்துவரும் பெண்ணைவிட நன்கறிந்தவர் யார்? அவளுக்கு இல்லாதது, ஆறு மாத விறகை நனையாமல் அடுக்கி வைக்க ஓர் இடம். இன்று வெட்டியதை இன்றே எரிக்க வேண்டிய நிலையிலுள்ள வீட்டுக்கு விஞ்ஞானம் தனித்து நின்று உதவ மாட்டாது. தோட்டங்களிற் புதுவீடுகளுக்கு வரைபடம் வரைவோர், சமையலறைக்கு ஒரு புகைபோக்கியையும் அதனருகே பக்கங்கள் திறந்த ஒரு விறகுத் தாழ்வாரத்தையும் சேர்த்து வரைவாராக. சில தகரங்களும் நான்கு கால்களுமே அதற்குச் செலவு. அதன்கீழ் மீதி வேலையைக் காற்றே செய்துவிடும்.